பயிற்சி யாருக்கு? கம்பெனிக்கா, நமக்கா?



போன வாரம் சமூக அறிவியல் வகுப்பில் சார், "நிறைய தொழிற்சாலை வந்துட்டா மாநிலம் முன்னேறிடுமா?" என்று கேட்டார். எல்லோரும் "முன்னேறிடும் சார்!" என்று கத்தினோம். வீட்டுக்குப் போனதும் எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்தது.

மாமா பத்தாவது முடிச்சதும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். ஏழு வருஷம் ஒரே இடத்தில் நின்று ஒரே ஸ்க்ரூவை மாட்டினார். ஒருநாள் கம்பெனியை மூடிட்டாங்க. அடுத்த இடத்தில், "வேற என்ன வேலை தெரியும்? சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் மாமாவிடம் பதில் இல்லை. அதே கம்பெனியில் வேலை பார்த்த எதிர்வீட்டு அண்ணன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவர். அவருக்கு இரண்டே மாசத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்தது.

பெரிய ஆலைகளும் மூடுவது உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நிலம், ரோடு, தண்ணீர் கொடுத்துத் தொழில்களைக் கொண்டுவர 1971-லேயே சிப்காட் தொடங்கப்பட்டது. ஆனால் ஆலை போன பிறகும் தொழிலாளி கையில் மிஞ்சுவது அவர் கற்ற தொழில்தான். ஆகவே ஒரு மாநிலம் பயிற்சி கொடுக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1. காலத்துக்கு ஏற்ற பயிற்சி: பழைய மெஷினில் படித்துவிட்டுப் புது மெஷின் முன்னால் முழிக்கக் கூடாது. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ போன்ற நவீனக் கருவிகளை அமைத்தது. 2023 முதல் இவை திறக்கப்பட்டன.

2. செய்து பழகுதல்: நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியுமா? 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்சாலையிலேயே அப்ரண்டிசாகப் பழகலாம். அதற்கு மாத உதவித்தொகையும் உண்டு.

3. எங்கும் செல்லும் சான்றிதழ்: ஐ.டி.ஐ. முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இந்தியா முழுக்கச் செல்லும். எதிர்வீட்டு அண்ணனைக் காப்பாற்றியது இதுதான்.

4. மேலே ஏற படி: பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

5. எல்லோருக்கும் இடம்: எலக்ட்ரீசியன், வெல்டர் எல்லாம் பையன்களுக்கு மட்டும் எழுதி வைத்ததா என்ன? அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியபோது அதில் ஐ.டி.ஐ.யையும் சேர்த்தார்கள். 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் அப்படியே.

6. வயதானவர்களுக்கும் மறுபயிற்சி: ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும், சில வாரங்கள், சில மாதங்களில் முடியும் குறுகிய காலப் பயிற்சிகளும் வந்துவிட்டன. இவற்றைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

நண்பர்களே, "பெயிலானவன்தான் ஐ.டி.ஐ. போவான்" என்று இனி யாரையும் கேலி செய்யாதீர்கள். நாளைக்கு எந்த வேலையில், எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே முழுத் தொழிலும் கற்றுத் தருவார்களா? சான்றிதழ் வெளியே செல்லுமா? இதற்கு மேல் படிக்க வழி உண்டா?

நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது மாமா எட்டிப் பார்த்து ஆறாவது பாயிண்ட்டை இரண்டு தடவை படித்தார். "இதுக்கு எங்கம்மா போய் விசாரிக்கணும்?" என்று கேட்டார். சனிக்கிழமை இரண்டு பேரும் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்குப் போய்க் கேட்கப் போகிறோம். கேட்டு வந்ததை அடுத்த இதழில் எழுதுகிறேன்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி