பறவையை மீட்ட கழனிகள்
சாடோத் தீவு தரும் படிப்பினை

ஜப்பான் நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால் அமைந்துள்ளது சாடோத் தீவு. நியிகாட்டா மாநிலத்தைச் சேர்ந்த இத்தீவின் பரப்பு சுமார் 855 சதுர கிலோமீட்டர் ஆகும். வடக்கிலும் தெற்கிலும் இரு மலைத்தொடர்கள். இடையே குனினாக்கா என்னும் சமவெளி. இங்கு நெல்லே முதன்மைப் பயிர். இழந்த செல்வம் ஒன்றை இத்தீவின் உழவர்கள் தம் வயல்களின் வாயிலாகவே மீட்ட வரலாறு, கிராமப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத்தக்கது.

பொன்னும் நெல்லும்

முற்காலத்தில் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளானோர் சாடோவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1221-ல் ஜுண்டோக்கு என்னும் முன்னாள் பேரரசரும், 1271-ல் நிச்சிரன் என்னும் பௌத்தத் துறவியும், 1434-ல் ‘நோ’ நாடகக் கலையின் பேராசான் செயாமியும் இங்கு வந்து சேர்ந்தனர். இன்றும் தீவின் ஊர்களில் முப்பதுக்கு மேற்பட்ட நோ நாடக மேடைகள் நிலைத்துள்ளன.

1601-ல் அய்க்காவாப் பகுதியில் பெரும் பொன் படிவம் கண்டறியப்பட்டது. தோக்குகாவா அரசு அதனைத் தன் நேரடி ஆட்சியில் வைத்துக்கொண்டது. பொன்னைத் தேடி வெட்டியதால் மலையுச்சி ஒன்று இரண்டாகப் பிளந்து நிற்கும் காட்சியை இன்றும் காணலாம். சுரங்கத்தை நாடி வந்த மக்கள் திரளுக்கு அரிசி தேவைப்பட்டது. ஆகவே மலைச்சரிவுகளும் திருத்தப்பட்டு அடுக்கு வயல்களாயின. சுரங்கத்தில் நிலம் அளக்கவும் நீர் கடத்தவும் கற்ற நுட்பங்கள் கழனிகளுக்கும் பயன்பட்டன. இச்செல்வத்தின் பின்னே பெருந்துயரும் உண்டு. வீடற்ற ஏழைகள் சுரங்க நீரை இறைக்க அனுப்பப்பட்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொரிய மக்கள் கொண்டுவரப்பட்டுக் கடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். 1989-ல் சுரங்கம் மூடப்பட்டது. 2024-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

மறைந்த பறவை

அரிவாள் மூக்கன் இனத்தைச் சேர்ந்தது டோக்கி என்னும் பறவை. சிவந்த முகமும், இளஞ்சிவப்புச் சாயல் படர்ந்த வெண்சிறகும் உடையது. அயிரை மீன், தவளை, பூச்சி ஆகியவற்றை வயலில் தேடி உண்ணும். இறகுக்காக மக்கள் அதனை வேட்டையாடினர். நாற்றை மிதிக்கிறது என்று உழவரும் அதனை வெறுத்தனர். பின்னர்ப் பூச்சிமருந்து வந்தது. வயல்கள் நீர் வடிந்து காய்ந்தன. சிமெண்டு வாய்க்கால்களிலிருந்து மீன்கள் வயலுக்குள் ஏற இயலவில்லை. டோக்கியின் உணவு அற்றுப்போயிற்று. எஞ்சிய ஐந்து காட்டுப் பறவைகளும் 1981-ல் பாதுகாப்புக்காகப் பிடிக்கப்பட்டன. ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003-ல் மாண்டது.

உழவர் ஏற்ற பொறுப்பு

1999-ல் சீன நாடு ஓர் இணைப் பறவைகளை வழங்கிற்று. கூண்டில் அவை பெருகின. ஆயினும் வெளியே விட்டால் அவை எதை உண்ணும்? இவ்வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர் உழவரே. சாடோ நகராட்சி ஒரு தனி நெல் சாகுபடி முறையை வகுத்து, அம்முறையில் விளைந்த அரிசிக்குச் சான்று வழங்கியது. அதன் முக்கிய விதிகள் வருமாறு:

1. பூச்சிமருந்தையும் இரசாயன உரத்தையும் வழக்கமான அளவில் பாதியாகவேனும் குறைத்தல்.
2. வயலோரத்தில் நீர் தங்கும் பள்ளம் வெட்டுதல், குளிர்காலத்தில் வயலில் நீர் தேக்குதல், வாய்க்காலிலிருந்து மீன் ஏற வழி அமைத்தல் போன்றவற்றுள் ஒன்றையேனும் செய்தல்.
3. வயலில் வாழும் உயிர்களை ஆண்டுக்கு இருமுறை கணக்கெடுத்தல்.

வயல் காயும் நாளில் அப்பள்ளமே அயிரைக்கும் தவளைப் பிஞ்சுக்கும் புகலிடம். இம்முறையில் களை மிகும், உழைப்பும் கூடும். அதனை ஈடுசெய்யவே, டோக்கி வாழும் ஊரின் அரிசி என்னும் பெயரில் இந்த அரிசி நல்ல விலைக்கு விற்கப்படுகிறது.

2008-ல் பத்துப் பறவைகள் வெளியே விடப்பட்டன. 2012-ல் இயற்கைச் சூழலில் குஞ்சுகள் பொரிந்தன. பின்னர் அவற்றின் தொகை ஐந்நூறைத் தாண்டியது. 2011-ல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், சாடோவின் வேளாண்மையை உலக முக்கியத்துவம் வாய்ந்த பாரம்பரியமாக அறிவித்தது.

எஞ்சிய பணி

ஆயினும் குறை தீர்ந்துவிடவில்லை. 1950-ல் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேலிருந்த மக்கள் தொகை, 2020-ல் சுமார் 51 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. இளைஞர் நகரங்களை நாடிச் செல்கின்றனர்; மலையடுக்கு வயல்கள் சில தரிசாகின்றன. ஓகுரா என்னும் ஊரில் அத்தகைய வயல்களை மீட்க ஒரு முறை வகுத்தனர். வெளியூரார் கட்டணம் செலுத்தி ஒரு வயலுக்குப் பொறுப்பேற்று, நடவுக்கும் அறுவடைக்கும் வந்து உதவுகின்றனர்.

ஒருவர் மட்டும் மருந்தைக் குறைத்து, அடுத்த வயலார் குறைக்காவிடில் பறவை வாராது. ஊர் கூடினால்தான் தேர் நகரும். மலையைப் பிளந்து எடுத்த பொன் தீர்ந்துவிட்டது. வரப்பையும் மடையையும் காத்தவரின் செல்வமோ ஆண்டுதோறும் விளைந்துகொண்டிருக்கிறது. சாடோத் தீவு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.