நேர்முகத் தேர்வில் தலைமைப் பண்பைக் கண்டறிவது எப்படி?

“உங்களிடம் தலைமைப் பண்பு இருக்கிறதா?” என்று கேட்டால், யாராவது “இல்லீங்க சார்” என்பார்களா? ஆனாலும் பல நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்விதான் வேறு வேறு வடிவத்தில் வருகிறது.

குரூப் 1 தேர்வில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 750 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 100. அந்த அறையிலிருந்து வெளியே வருபவர்தான் நாளைக்குத் துணை ஆட்சியர். ஏரி உடையும் நிலையில் எந்த ஊரை முதலில் காலி செய்வது என்று நள்ளிரவில் முடிவெடுக்கப் போகிறவர் அவர். தவறான ஆளை எடுத்தால் பாதிப்பு மக்களுக்குத்தான்.

நேர்முகத் தேர்வு மீது சந்தேகமும் உண்டு. வாய்மொழித் தேர்வுக்கு அளவுக்கு மீறி மதிப்பெண் ஒதுக்கினால் பாரபட்சத்துக்கு வழி திறக்கும் என்று ஹரியானா வழக்கொன்றில் 1985-ல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. 2016 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு, கீழ்நிலைப் பணியிடங்களுக்கு நேர்முகத் தேர்வையே கைவிட்டது. அப்படியென்றால், அது தொடரும் இடங்களில் ஒழுங்காக நடத்த வேண்டாமா?

நீங்கள் தேர்வுக் குழுவில் உட்காரும் அலுவலர் என்றால், இந்த நான்கையும் கவனியுங்கள்.

1. நடந்ததைக் கேளுங்கள். “என்ன செய்வீர்கள்?” என்பதோடு நிறுத்தாமல், “என்ன செய்தீர்கள்?” என்றும் கேளுங்கள். வேலை அனுபவம் இல்லையா? என்.எஸ்.எஸ். முகாம், ஊர்த் திருவிழா, வெள்ள நிவாரணம், எதுவானாலும் சரி. “நாங்க செஞ்சோம்” என்றால், “அதில் உங்க பங்கு என்ன? யார் எதிர்த்தாங்க? எது தப்பாப் போச்சு?” என்று தொடருங்கள். மனப்பாடம் செய்த பதில் இங்கே நின்றுவிடும்.

2. எல்லோருக்கும் ஒரே முதன்மைக் கேள்விகள். ஒருவரிடம் சொந்த ஊரைப் பற்றியும், அடுத்தவரிடம் பொருளாதாரக் கொள்கையைப் பற்றியும் கேட்டால், இருவரையும் எப்படி ஒப்பிடுவது?

3. மதிப்பெண்ணுக்கு அளவுகோல் முன்கூட்டியே இருக்கட்டும். உதாரணமாக, யாரும் சொல்லாமலே பிரச்சினையைக் கையில் எடுத்து, எதிர்த்தவரையும் சேர்த்துக்கொண்டு, தவறுக்கும் பொறுப்பேற்றவருக்கு 5. சொன்ன வேலையை முடித்தவருக்கு 3. பழியைப் பிறர் மீது போடுபவருக்கு 1.

4. முதலில் மதிப்பெண், பிறகு பேச்சு. மூத்தவர் “நல்ல பையன்” என்று சொல்லிவிட்டால், மற்றவர்களின் பேனாவும் அந்தப் பக்கம் சாயும். தனித்தனியாக எழுதிய பிறகே கலந்து பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட நாம் ஏமாறுவது சரளமான பேச்சில்தான். எடுத்துக்காட்டுக்கு இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தலைமைப் பண்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் அழகாகப் பேசுகிறார். இன்னொருவர் வீட்டில் முதல் பட்டதாரி; தயங்கித் தயங்கிப் பேசுகிறார். ஆனால், தெருவில் குடிநீர் வராதபோது இரு தரப்பையும் உட்காரவைத்து, முறை வகுத்து, அந்த முறை பலிக்காதபோது மாற்றியமைத்ததைச் சொல்கிறார். “பேச்சுத் திறன்” என்று மட்டும் மதிப்பெண் போட்டால் இரண்டாமவரை இழந்துவிடுவோம்.

நீங்கள் தேர்வரா? உங்கள் வாழ்க்கையில் நீங்களே முன்வந்து பொறுப்பேற்ற மூன்று சம்பவங்களை இன்றே எழுதி வையுங்கள். அதில் ஒன்றாவது தோற்றதாக இருக்கட்டும். அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று நேர்மையாகச் சொல்வதும் தலைமைப் பண்புதான்.