பாரத்தை ஒப்படைத்தவனின் அமைதி

வியாபாரம் நொடித்துப் போனவர், வாழ்க்கைத் துணையை இழந்தவர், தீய பழக்கத்தால் குடும்பத்தின் நம்பிக்கையைப் பறிகொடுத்து மீண்டும் எழ முயல்பவர் – இத்தகைய அன்பர்கள் ஆசிரமத்திற்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘எல்லாவற்றையும் இறைவனிடம் விட்டுவிடு என்கிறீர்கள். விட்டுவிட்டால் நாளைக் காலையில் என் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?’

இக்கேள்வியை அவநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாகாது. சரிந்த வாழ்வை மீண்டும் கட்டுபவனுக்குச் சரணாகதி உண்மையிலேயே உதவுமா, அல்லது அது கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்வதற்கு ஓர் அழகிய பெயரா? இதற்கு விடை காண வேண்டுமானால், சரணாகதி என்பது என்ன என்று முதலில் அறிய வேண்டும்.

ஆறு அங்கங்கள்

வைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியை ஆறு வகையாகப் பிரித்துக் கூறுவர். இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி, உகவாததை விலக்குதல், அவன் காப்பான் என்ற நம்பிக்கை, அவனையே காப்பாளனாக வரித்தல், தன்னை அவனிடம் ஒப்படைத்தல், தன் இயலாமையை உணர்ந்த எளிமை.

இவற்றுள் முதல் இரண்டைக் கவனியுங்கள். உகந்ததைச் செய்வதும் உகவாததை விலக்குவதும் முயற்சியின்றி நடைபெறுமா? ஆகவே சரணடைந்தவன் வீட்டு அடுப்பைச் சரணடைந்தவனேதான் மூட்ட வேண்டும். அவன் ஒப்படைப்பது வேலையை அன்று. ‘இதைச் செய்பவன் நான், இதன் பலன் என்னுடையது, இது தவறினால் நான் அழிந்தேன்’ என்று மார்தட்டியும் நடுங்கியும் நிற்கும் அகந்தையையே அவன் ஒப்படைக்கிறான்.

கிரீஷ் கொடுத்த அதிகாரப் பத்திரம்

இந்த உண்மைக்கு மகாகவி கிரீஷ் சந்திர கோஷின் வாழ்வு ஒரு விளக்கம். 1844-இல் கல்கத்தாவில் பிறந்த அவர் இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். 1874-இல் முதல் மனைவியும் மறைந்தார். நாடக உலகில் பெரும் புகழ் எய்தியபோதும் மதுப்பழக்கமும் கடவுளைப் பற்றிய ஐயமும் அவரை விடவில்லை. 1884, செப்டம்பர் 21 அன்று அவரது ‘சைதன்ய லீலா’ நாடகத்தைக் காண ஸ்ரீராமகிருஷ்ணர் ஸ்டார் தியேட்டருக்கு வந்தார். அதன்பின் கிரீஷின் வாழ்வு மெல்ல மெல்லத் திரும்பியது.

தாம் என்ன செய்ய வேண்டும் என்று கிரீஷ் கேட்டபோது, காலையிலும் மாலையிலும் இறைவனை நினைக்கும்படி குருதேவர் கூறினார். வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறிவிடுவோமோ என்று அஞ்சிய கிரீஷ் மௌனமாக இருந்தார். உண்பதற்கும் உறங்குவதற்கும் முன்னராவது நினைக்கலாமே என்றார் குருதேவர். அதற்கும் உறுதி கூற கிரீஷால் இயலவில்லை. முடிவில், அப்படியானால் உன் பொறுப்பு முழுவதையும் எனக்கு எழுதிக் கொடுத்துவிடு என்றார் குருதேவர். வங்க மொழியில் ‘பகால்மா’ எனப்படும் அதிகாரப் பத்திரம் இதுவே. இனித் தமக்குச் சாதனை எதுவுமில்லை என்று கிரீஷ் மகிழ்ந்தார்.

ஒருநாள் ஏதோ ஒரு சிறு காரியத்தைப் பற்றிப் பேசும்போது, ‘நான் இதைச் செய்வேன்’ என்றார் கிரீஷ். குருதேவர் உடனே அவரைத் திருத்தினார். பொறுப்பைக் கொடுத்துவிட்டவன் அவ்வாறு பேசலாமா? இறைவன் திருவுளம் இருந்தால் செய்வேன் என்றல்லவா சொல்ல வேண்டும்! அப்போதுதான் கிரீஷுக்குப் புரிந்தது. இரண்டு வேளை ஜபத்திற்கு ஒரு முடிவு உண்டு. இதற்கோ முடிவே இல்லை. ஒவ்வோர் அடியிலும், ஒவ்வொரு மூச்சிலும், அதைச் செய்வது இறைவனா, இந்தப் பாழும் ‘நான்’ என்பதா என்று விழித்திருந்து நோக்க வேண்டியதாயிற்று. எளிதென்று ஏற்றதே மிகக் கடினமான சாதனையாக அமைந்தது.

சோதனை வந்தபோது

நாடகத் தொழிலைத் துறக்க கிரீஷ் விரும்பியபோது, அதனால் மக்களுக்கு நன்மை விளைகிறது என்று கூறித் தொடரச் செய்தார் குருதேவர். 1886, ஆகஸ்ட் 16 அன்று குருதேவர் மகாசமாதி அடைந்தார். அதன்பின் கிரீஷ் இரண்டாம் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுக்க நேர்ந்தது. அவர் அழாமல் இருந்தார் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. ஆயினும், பொறுப்பை ஏற்றவர் எது செய்தாலும் தம் நன்மைக்கே என்ற நினைவைத் துயரத்தின் நடுவே அவர் மீண்டும் மீண்டும் பற்றிக்கொண்டார். எழுதுகோலையும் கீழே வைக்கவில்லை. 1889-இல் ‘பிரபுல்லா’ அரங்கேறியது. 1893-இல் ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ அவரது மொழிபெயர்ப்பில் மேடை கண்டது.

‘பிரபுல்லா’வின் நாயகன் நேர்மையாளன், செல்வன். வங்கி முறிந்தது என்ற செய்தி கேட்டு அவன் மதுவில் அமிழ்கிறான், குடும்பமும் சிதறுகிறது. பணம் போனதைவிட, பணம் போனதும் தன் கையில் பிடிப்பு எதுவுமில்லாமல் போனதே அவனை வீழ்த்தியது. அத்தகைய வீழ்ச்சியைக் கிரீஷ் அறிந்தவர்; ஆனால் அவருக்கு ஒரு பிடிப்பு இருந்தது.

நாம் செய்ய வேண்டுவது

வாழ்வைப் புதிதாகத் தொடங்கும் அன்பருக்கு இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, இழப்பை இறைவன் திருமுன் ஒளிக்காமல் சொல்லுதல். கடன் எவ்வளவு, தவறு யாருடையது என்பதை உள்ளபடி ஒப்புக்கொள்வதே உண்மையான எளிமை. இரண்டாவது, அன்றன்றைய கடமையை மட்டும் அன்று ஏற்றல். கடன் கொடுத்தவரைச் சந்திப்பதும் வேலை தேடுவதும் நமது பங்கு. கதவு திறப்பது எப்போது என்பது அவன் பங்கு. மூன்றாவது, இரவில் உறங்கும் முன் அன்றைய நாளைக் கணக்குப் பார்த்து, நன்றையும் தீதையும் அவன் திருவடியில் வைத்துவிடுதல். மறுநாள் கவலை மீண்டும் வரும். மீண்டும் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த பத்திரத்தைக் கிரீஷும் நாள்தோறும் புதுப்பிக்கத்தான் வேண்டியிருந்தது.

அமைதி என்பது எல்லாம் சீரான பிறகு கிடைக்கும் பரிசு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். வீடு இன்னும் பாதி கட்டப்பட்ட நிலையில், கடன் இன்னும் தீராத நிலையில், இன்றிரவே அது நமக்குக் கிடைக்கக்கூடும். ஏனெனில் சுமை இருக்கும். ஆனால் அதைத் தனியே சுமப்பவன் இருக்கமாட்டான்.