குறையில் பிறந்த இசை

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. செல்போனில் சந்தூர் கேட்டதிலிருந்து வேறெதுவும் காதில் ஏறமாட்டேன் என்கிறது, நம்ம பக்கம் அப்படி ஏதாவது இருக்குதுங்களா என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது. ஆனால், அதைச் சொல்லுமுன் சந்தூர் உன்னை ஏன் இழுத்தது என்று பார்த்துவிடுவோம்.

சந்தூர் குச்சியால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம். சரிவகப் பெட்டியின் மேல் ஏறக்குறைய 100 தந்திகள், தட்டுவதற்கு மெல்லிய இரண்டு மரக்குச்சிகள். ஈரானிலும் சந்தூர் உண்டு. ஹங்கேரியின் சிம்பலம், சீனாவின் யாங்சின், அமெரிக்காவில் குச்சியால் தட்டும் டல்சிமர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். குடும்பம் முழுவதற்கும் ஒரு குறை உண்டு. வீணையில் மீட்டிய தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்கலாம். இங்கே தட்டியதோடு சரி, அதன்பின் ஒலி வாசிப்பவர் பேச்சைக் கேட்காது. ஒரு சுரம் அடங்குமுன்னே அடுத்தது அதன்மேல் ஏறிவிடும்.

இந்தக் குறையோடு மல்லுக்கட்டித்தான் அந்த இசை வளர்ந்தது. புடாபெஸ்டில் ஷுண்டா என்பவர் 1874இல் சிம்பலத்துக்குக் கால்மிதி சேர்த்து, வேண்டும்போது அதிர்வை அடக்க வழி செய்தார். காஷ்மீரத்துச் சந்தூரை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்த சிவகுமார் சர்மா, 1955இல் பம்பாயில் வாசித்தபோது, ‘இது ராகத்துக்கு ஆகாது’ என்றார்கள் சிலர். அவர் குச்சியைத் தந்திமேல் வழுக்கவிட்டு, விட்டுவிட்டு வரும் ஒலிகளை ஒரே இழையாக்கினார். உன்னைக் கட்டிப்போட்டது அந்த இழைதான்.

நம் தமிழ்நாட்டிலும் தந்தியைத் தட்டுகிறார்கள். தெற்கே போனால் வில்லுப்பாட்டு. மணி கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதை சொல்வார்கள். கொங்கில் அந்த வேலையைச் செய்வது உடுக்கை. இதில் தந்தி இல்லை, சுரவரிசை இல்லை. இடுப்பு சிறுத்த ஒரு கூடு, இருபுறமும் சவ்வு, இரண்டையும் இழுத்துக் கட்டிய கயிறு, அவ்வளவுதான்.

அடுத்த முறை உடுக்கடிப் பாட்டு கேட்கும்போது, அடிக்கிற வலது கையை விட்டுவிட்டு இடது கையைப் பார். உடுக்கையின் நடுவில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும் அந்தக் கை சும்மா இருக்காது. இறுக்கினால் சவ்வு விறைத்து ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரே அடியில் கேள்வி கேட்பதுபோல் ஏற்றவும், பெருமூச்சுபோல் இறக்கவும் கைதேர்ந்தவரால் முடியும். சுரமே இல்லாத வாத்தியம் பேசக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

அது பேசுவது பெரும்பாலும் அண்ணமார் சாமி கதையை. குன்னுடையான், தாமரை, அவர்கள் பெற்ற பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள், கொம்பன் என்ற காட்டுப்பன்றி என்று நீளும் கதை அது. சங்கருக்குக் கோபம் வரும்போது உடுக்கை முந்திக்கொண்டு ஓடும். படுகளத்தில் அண்ணன்மாரைத் தேடித் தங்காள் புலம்பும்போது பாடுகிறவர் குரலை நீளவிட்டு, உடுக்கையை எப்போதோ ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்வார். அடிக்காமல் விடுகிற அந்த இடத்தையும் சேர்த்துத்தான் பாட்டு.

பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. பின்னாளில் அவர் அதை ஆராய்ந்து நூல் எழுதினார், கார்ட்டூன் தொடராகவும் ஆக்கினார். பகலெல்லாம் தோட்டத்தில் பாடுபட்டவர்களை இரவில் தூங்கவிடாமல் உட்காரவைக்க, ஒரு குரலும் ஒரு பின்பாட்டும் ஒரு சின்ன உடுக்கையும் போதுமாக இருந்தன. கையில் இருப்பது குறைவு என்றால், இருப்பதை எதுவரை கொண்டுபோகலாம் என்று பார்க்கிறவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள். சந்தூருக்கும் உடுக்கைக்கும் உறவு அங்கேதான் இருக்கிறது.

கேட்கும் முறை ஒன்று சொல்கிறேன். அரை நிமிட வீடியோவில் உடுக்கை பிடிபடாது, வெறும் சத்தமாகத்தான் தெரியும். ஒரு கட்டத்தை முழுசாகக் கேள். முதலில் கதையைப் பிடி. பிறகு, பின்பாட்டுக்காரர் எந்தச் சொல்லை வாங்கித் திருப்பிப் பாடுகிறார் என்று கவனி, கதையின் கனம் அந்தச் சொல்லில் இருக்கும். கடைசியாக உடுக்கை எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். அதன்பின் உன் சந்தூரைக் கேட்டால், அங்கேயும் ஒலி அடங்கக் காத்திருக்கும் இடங்கள் உனக்குத் தனியாகத் தெரியும். பாடுகிறவரைப் படம் பிடிப்பதென்றால் முதலில் கேட்டுக்கொள். அவருக்கு அது சாமி காரியம்.

மாசியில் மணப்பாறை பக்கம் வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயில் திருவிழா வரும். பொன்னர் சங்கருக்கு எடுக்கிற விழா, கொங்கிலிருந்து வண்டி வண்டியாகச் சனம் போகும். நானும் போகலாம் என்றிருக்கிறேன். உனக்குப் பரீட்சை இல்லையென்றால் அம்மாவிடம் கேட்டு இப்போதே எழுது, வண்டியில் இடம் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா