துவிச்சக்கரவண்டியில் கந்தோருக்கு

2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது பெற்றோல் வரிசையில் நின்று சலித்து, மூலையிற் கிடந்த துவிச்சக்கரவண்டியைத் துடைத்தெடுத்த வன்னி உத்தியோகத்தர்களுள், பஞ்சம் தணிந்த பின்னரும் அதனைக் கைவிடாதோர் உளர். அவர்களுக்கும் புதிதாய்த் தொடங்குவோர்க்கும் இச்சில குறிப்புகள் பிரயோசனப்படலாம்.

பிள்ளையைப் பாலர் பாடசாலையில் இறக்கிவிட்டுக் கந்தோருக்குச் செல்பவர், பின் கரியலில் அமரும் குழந்தையின் பாதம் சில்லுக் கம்பிகளுக்குள் அகப்படாவண்ணம் இருபுறமும் வலையோ தகட்டு மறைப்போ பொருத்துதல், ஏனைய சகல ஏற்பாடுகளுக்கும் முந்திய அவசியமாகும்.

சோளகம் வீசும் மாதங்களில், பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் தெற்கு நோக்கி மிதிப்பவருக்குக் காற்று எதிர்த்து வருமாதலால், கால்மணி நேரம் முந்திப் புறப்படுவதும், மாற்றுச் சட்டையொன்றைப் பையில் வைத்திருப்பதும் அனுகூலம். மாலையில் அதே காற்று முதுகிலே கைவைத்துத் தள்ளிவிடுமாகையால், அரிசி, மரக்கறி முதலிய பாரங்களை வீடு திரும்புகையில் வாங்குவதே புத்தி. மாரியிலோ, பிள்ளையின் புத்தகங்களைப் பொலித்தீன் பையிற் சுற்றாமல் வாசற்படி தாண்டவேண்டாம்.

மாங்குளம் – ஒட்டுசுட்டான் போன்ற காட்டோர வீதிகளில், யானை நடமாடும் அதிகாலையையும் அந்தியையும் தவிர்க்க. இயலாவிடில் துணையோடு செல்க.

நெருஞ்சிமுள் எவரையும் விசாரித்துக் குத்துவதில்லை. ஆதலால் ஒட்டுத்துண்டும் காற்றுப் பம்பும் உடனிருக்கட்டும். ரயர்க் காற்றை மட்டும் முதல்நாள் இரவே பார்த்துவிடுங்கள். இடியப்பம் அவியும் காலை வேளையில் வீட்டில் எவருக்கும் அதற்கு அவகாசம் கிடையாது.