தெளிநீரும் தூநீரும்: இல்ல மீன்தொட்டிக்கு ஏற்ற வடிகட்டி

முன்னுரை

தமிழில் 'தெளிவு', 'தூய்மை' என இரு சொற்கள் உள்ளன. நடைமுறையில் இவ்விரண்டையும் ஒருபொருட் சொற்களாகவே ஆளுகிறோம். கலங்கலற்ற நீரைத் தெளிந்த நீர் என்கிறோம். தெளிந்திருப்பதனாலேயே அது தூய நீர் என்றும் கொள்கிறோம். தேற்றாங்கொட்டையை உரைத்துக் குடத்து நீரின் கலங்கலை அடியிற் படியச் செய்யும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. கலித்தொகையும் அதனை உவமையாக எடுத்தாண்டுள்ளது. ஆயினும், தெளிவிக்கப்பட்ட நீரெல்லாம் உயிர் வாழ்தற்கேற்ற நீராகுமா என்பது வேறு வினா.

இல்லத்தில் மீன்தொட்டி வைப்போர் இவ்வினாவினின்றும் தப்ப இயலாது. புதுத் தொட்டியில் விட்ட மீன்கள், பளிங்கு போன்ற நீரிலேயே சில நாள்களில் ஒன்றன்பின் ஒன்றாக மடிவதும், பிள்ளைகள் முகம் வாடுவதும், "நம் வீட்டிற்கு மீன் ராசியில்லை" என்று பெரியோர் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவதும் பல இல்லங்களில் காணும் நிகழ்ச்சிகள். பெரும்பாலும் காரணம் ராசியன்று, நீரே. அந்நீரில் நிகழ்வது யாது, அதற்கேற்ற வடிகட்டியைத் தேர்வது எங்ஙனம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன்கள் தம் உடற்கழிவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக அம்மோனியா வடிவில் வெளியேற்றுகின்றன. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. குளத்திலும் ஆற்றிலும் நீர்ப்பரப்பு பெரிதாகலின் இந்நஞ்சு நீர்த்துப் போகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபட்ட சிறிதளவு நீரிலோ அது நாள்தோறும் பெருகும். அதற்கு நிறமில்லை, நீரும் தெளிவாகவே தோன்றும். மீன்கள் மட்டும் நீர்ப்பரப்பிற்கு வந்து வாய்திறந்து மூச்சுக்குத் தவிக்கும்.

இந்நஞ்சை மாற்றும் பணியை இயற்கை நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துள்ளது. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராத்ஸ்கி இத்தகைய நுண்ணுயிர்களைப் பிரித்தறிந்தார். இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. நன்னீர் மீன்தொட்டிகளில் அப்பணியைப் புரிவது நைட்ரோஸ்பைரா இனம் என்பதை 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரு படிகளையும் தாமே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டென்பது 2015இல் அறியப்பட்டது.

இந்நுண்ணுயிர்கள் பற்றி வாழ ஒரு பரப்பும், ஓடும் நீரில் உயிர்வளியும் வேண்டும். இவ்விரண்டையும் அளிக்கும் உறைவிடமே நல்ல வடிகட்டி. அழுக்கைப் பிடிப்பது அதன் சிறுபணி. நுண்ணுயிர்களுக்கு இடமளிப்பதே அதன் பெரும்பணி என்பது உளங்கொளத் தக்கது.

வடிகட்டியின் முத்தொழில்

வடிகட்டி ஆற்றும் தொழில்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது, பஞ்சு அல்லது நுரைப்பஞ்சு கொண்டு மிதக்கும் அழுக்கைத் தடுத்தல். இது தெளிவைத் தரும். இரண்டாவது, மேற்கூறிய நுண்ணுயிர்கள் வழியே நஞ்சை மாற்றுதல்; இது தூய்மையைத் தரும். மூன்றாவது, கிளர்வூட்டிய கரி போன்றவற்றால் நிறத்தையும் நாற்றத்தையும் ஈர்த்தல். கரியின் ஆற்றல் சில வாரங்களில் தீர்ந்துவிடும். நீரில் மருந்திட்டால் அம்மருந்தையும் கரி ஈர்த்துக்கொள்ளுமாதலின், அந்நாள்களில் அதனை அகற்றிவிட வேண்டும். முதல் இரண்டும் இன்றியமையாதவை. மூன்றாவது வேண்டுழிக் கொள்ளத்தக்கது.

கடைகளில் புற ஊதா விளக்குப் பொருத்திய கருவிகளும் விற்கப்படுகின்றன. அவை நீரைப் பச்சையாக்கும் மிதவைப் பாசியையும், விளக்கைக் கடந்து செல்லும் கிருமிகளையும் அழிக்கும், அம்மோனியாவை அகற்றா. எனவே அவை வடிகட்டிக்கு மாற்றாகா.

வகைகளும் தேர்வும்

காற்றுப் பம்பினால் இயங்கும் நுரைப்பஞ்சு வடிகட்டி விலை குறைந்தது, குஞ்சுகளை உள்ளிழுக்காதது, நுண்ணுயிர்க்கு நல்ல உறைவிடம். சரளைக்கற்களின் அடியில் பரப்பும் தட்டு வடிகட்டி பழைய முறை. கற்களிடையே அழுக்குத் தேங்குவதால் அடிக்கடி தூர் எடுத்தல் வேண்டும். தொட்டிக்குள் மூழ்கி இயங்கும் மின்வடிகட்டியும், விளிம்பில் தொங்கும் வடிகட்டியும் நடுத்தரத் தொட்டிகட்கு ஏற்றவை. வெளியே வைக்கப்படும் மூடிய கலன் வடிகட்டி பெருந்தொட்டிகட்கு உரியது, விலை மிக்கது.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டு, மேலே சிறிது இடம் விட்டால் எஞ்சுவது 45 முதல் 50 லிட்டர். தொட்டிநீர் முழுவதும் மணிக்கு நான்கு முதல் ஆறு முறை வடிகட்டியைக் கடந்து வருதல் நன்று என்பது வளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு. ஆகவே மணிக்கு 200 முதல் 300 லிட்டர் செலுத்தும் மின்வடிகட்டி இதற்குப் போதும். பஞ்சில் அழுக்குச் சேரச்சேர வேகம் குறையுமாதலின், பெட்டியில் அச்சிட்ட அளவு சற்றுக் கூடுதலாக இருத்தல் நலம். தங்கமீன் மிகுந்த கழிவை வெளியிடுவது. அதற்குப் பெரிய தொட்டியும் வலிய வடிகட்டியும் வேண்டும். ஃபைட்டர் மீனுக்கோ விரைந்த நீரோட்டம் ஆகாது. நுரைப்பஞ்சு வடிகட்டியே பொருந்தும்.

மின்தடையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூடிய கலன் வடிகட்டி சில மணிநேரம் நின்றுவிட்டால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் உயிர்வளியின்றி மடியத் தொடங்கும். தொட்டிநீரிலேயே இருக்கும் நுரைப்பஞ்சுக்கு இவ்விடர் குறைவு. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பைக் கொண்டும் அதனை இயக்கலாம். காற்றுப் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். இன்றேல் மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய்வழியே பின்னோக்கிப் பாயக்கூடும்.

ஊற்றும் நீர்

வடிகட்டி எத்துணைச் சிறந்ததாயினும், ஊற்றும் நீர் தீயதாயின் பயனில்லை. குழாய்நீரிற் கலக்கப்படும் குளோரின் மீனின் செவுளையும் வடிகட்டியின் நுண்ணுயிரையும் ஒருங்கே தாக்கும். அகன்ற கலத்தில் ஒருநாள் காற்றூட்டி வைத்தோ, கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்தோ பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாயின், அதற்கேற்ற கப்பி, மோலி போன்ற மீன்களைத் தேர்வது அறிவுடைமை. சமையலறையின் ஆர்.ஓ. கருவி தரும் நீரில் மீனுக்கு வேண்டிய தாதுக்களும் பெரிதும் நீங்கிவிடுகின்றன. எனவே அதனைத் தனியே ஊற்றாது, வேறு நீருடன் கலந்தே ஊற்றுதல் வேண்டும்.

பேணும் முறை

வடிகட்டி வாங்கிய அன்றே மீன் வாங்குதல் கூடாது. நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். வெறுநீரில் வடிகட்டியை ஓடவிட்டாலும் அவை பெருகா. அவற்றுக்கும் உணவு வேண்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனி இட்டு அழுகவிடலாம். நோயற்ற பழைய தொட்டியின் பஞ்சுத் துண்டை வைப்பின் காலம் சுருங்கும். சோதனைக் கருவியால் ஆய்ந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெளிந்த பின்னர், மீன்களைச் சிறிது சிறிதாக விடுதல் வேண்டும்.

பஞ்சைக் குழாயடியில் வெண்மையாகும்வரை கசக்கிக் கழுவுவது பலர் செய்யும் பிழை. அதனால் நுண்ணுயிர்களும் அழிந்து, தொட்டி மீண்டும் முதல்நாள் நிலைக்குத் திரும்பும். தொட்டியிலிருந்து முகந்த நீரிலேயே அலசுதல் போதுமானது. இறுதியில் எஞ்சும் நைட்ரேட்டை இவ்வடிகட்டிகள் நீக்கா. வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றுதலே அதற்கு வழி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தெளிவு கண்ணுக்குரியது, தூய்மை உயிருக்குரியது என்பது பெறப்படும். சிறு தொட்டிக்கு நுரைப்பஞ்சு வடிகட்டியும் காற்றுப் பம்பும் போதும். நடுத்தரத் தொட்டிக்கு அதனுடன் ஒரு மின்வடிகட்டி சேர்க்கலாம். பெரும்பொருள் செலவிடுதலினும் ஒரு திங்கள் பொறுத்திருத்தலே மீனைக் காக்கும். கண்ணாடிக்குள் அடைத்த உயிர் வேறிடம் தேடிச் செல்ல இயலாது. நாம் ஊற்றும் நீரே அதற்கு உலகம். அவ்வுலகை முதலில் அமைத்துவிட்டு, அதன்பின் மீனை அழைத்து வருதலே முறையாகும்.