ஆசானும் ஆடுகளமும்

சிலம்பமும் வர்ம அடிமுறையும் கற்பிப்பவரை ஆசான் என்று அழைப்பது நாஞ்சில் நாட்டு வழக்கு. ஒரு களரியின் பெருமை அதன் ஆசானைப் பொறுத்தது. ஆசான் மாறினால் களரி என்னவாகும்? அவர் கற்பித்த முறை அவரோடு மறைந்துவிடுமோ, மாணவர் வழியே வாழுமோ? இவ்வினா களரிக்கு மட்டும் உரியதன்று. நம் பள்ளித் திடல்களில் ஆடப்பெறும் கூடைப்பந்திற்கும் உரியது.

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் தோன்றியது. பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத இளைஞர்களுக்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை வகுத்தார். பிற்காலத்தில் அதே நிலையத்திற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்றோர் நாட்டின் பல பள்ளிகளுக்கும் ஆசிரியராய்ச் சென்றனர். ஆதலின், நெய்ஸ்மித்தின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

நெய்ஸ்மித் 1898-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தை அடைந்து, அங்கே ஒரு கூடைப்பந்துக் குழுவை அமைத்தார். 1907 வரை அவர் நடத்திய அக்குழு பெற்ற வெற்றிகள் 55, தோல்விகளோ 60. அப்பல்கலைக்கழகத்தில் நிலையாகப் பொறுப்பு வகித்த பயிற்சியாளருள் வெற்றியினும் தோல்வி மிகப் பெற்றவர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே! அவர் அதற்காக வருந்தினாரல்லர். உடலையும் ஒழுக்கத்தையும் வளர்ப்பதற்கே ஆட்டம். அதற்குப் பயிற்சியாளர் எதற்கு என்பது அவர் கருத்து.

அக்கருத்தை மறுத்தவர் அவர்தம் மாணவரே. ஃபாரஸ்ட் ஆலன் என்னும் அவ்விளைஞர் வேறொரு கல்லூரியிற் பயிற்சி அளிக்கப் புறப்பட்டபோது, இவ்வாட்டத்தைக் கற்பிக்க இயலாது என்று ஆசிரியர் நகைத்தாராம். 1907-இல் ஆசிரியரின் இடத்திற்கே மாணவர் வந்தார். ஈராண்டு கழித்து விலகி, எலும்பையும் மூட்டையும் கையால் நீவிச் சீராக்கும் மருத்துவம் கற்றார். அடிமுறையோடு தடவுமுறையும் அறிந்த நம் ஆசான்மாரை இங்கு நினைத்துக்கொள்ளலாம். இடையில் ஹாமில்டன் என்பவர் பத்தாண்டு குழுவை நடத்தினார். 1919-இல் மீண்ட ஆலன் 1956 வரை நிலைத்திருந்தார். கான்சாஸில் அவர் ஈட்டிய வெற்றிகள் 590. நெய்ஸ்மித்தோ அதே பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பேராசிரியராக 1937 வரை பணியாற்றினார். வெற்றியை நாடிய மாணவரும், ஆட்டத்தை ஆட்டமாகவே கண்ட ஆசிரியரும் ஓரிடத்தில் வாழ்ந்தனர்.

இவ்விருவருள் யார் பெரியவர் என்று கூறுவது எளிதன்று. 1933-இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் அங்கு வந்து சேர்ந்தார். நிறவேற்றுமை காரணமாக, ஆலன் பயிற்றிய குழுவில் அவர் ஆட இடமில்லை. வெற்றிகள் குவிந்த களத்தில் இக்குறையும் இருந்தது. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராய் ஏற்று, பயிற்சிக் கலையில் வழிகாட்டினார். பயிற்சியாளர் வேண்டா என்றவரே ஒரு பயிற்சியாளரை உருவாக்கினார்! மெக்லெண்டன் பட்டம் பெற்றது 1936-இல். நாஞ்சில் நாடு அடங்கிய திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் இந்துக்கள் அனைவர்க்கும் திறந்ததும் அவ்வாண்டே. பின்னர் டென்னசியில் அவர் பயிற்றிய குழு, சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை 1957 முதல் தொடர்ந்து மூன்றாண்டு வென்றது.

குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956-ஆம் ஆண்டிலேயே கான்சாஸில் ஆலன் காலம் முடிந்தது. ஏழடிக்கு மேல் உயர்ந்த வில்ட் சேம்பர்லின் என்னும் அரிய ஆட்டக்காரரை அவர் தேடிக் கொணர்ந்திருந்தார். முதலாண்டு மாணவர் முதன்மைக் குழுவில் ஆடுதல் அக்கால விதிப்படி கூடாது. மறு ஆண்டு வருமுன், 70 அகவை நிறைந்தோர் ஓய்வு பெறவேண்டும் என்ற விதி ஆலனை விலக்கிற்று. பயிர் விளைத்தவர் ஒருவர். அறுவடைக்கு நின்றவர் அவர் மாணவரான டிக் ஹார்ப். அறுவடையும் முழுமையாகவில்லை. 1957-இன் இறுதி ஆட்டம் மும்முறை நீட்டிக்கப்பெற்று, கான்சாஸ் 53-க்கு 54 என ஒரே புள்ளியில் வட கரோலினாவிடம் தோற்றது.

அவ்வட கரோலினாவிற்கே ஆலனின் மற்றொரு மாணவரான டீன் ஸ்மித் பின்னாளில் பயிற்சியாளரானார். 1961 முதல் 1997 வரை அங்கிருந்து 879 வெற்றிகள் கண்டார். அவரிடம் ஆடிய லாரி பிரவுன் 1983-இல் கான்சாஸுக்கு வந்து, 1988-இல் பட்டம் வென்று விலகினார். அவ்விடத்திற்கு ஸ்மித்தின் துணைவராயிருந்த ராய் வில்லியம்ஸ் வந்தார். 2003-இல் அவருக்குப்பின் பொறுப்பேற்ற பில் செல்ஃப், இளமையில் பிரவுனிடம் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். 2008-இலும் 2022-இலும் பட்டம் வென்றார்.

கான்சாஸில் 1955-இல் திறக்கப்பெற்ற ஆட்ட அரங்கிற்கு ஆலனின் பெயர் இடப்பெற்றுள்ளது. அதனுள் ஆட்டக்காரர் ஓடி ஆடும் தளம் நெய்ஸ்மித்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.